வடசென்னை சுகாதார நிலைய ஊழியர்களின் திறனை எப்படி அளப்பது?

கேட்டவர் பொது சுகாதாரம் படிக்கும் மாணவி. வடசென்னையில் நான்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை செய்யும் நர்ஸ்கள், ஃபார்மசிஸ்ட்கள், லேப் டெக்னீஷியன்கள் எந்த அளவுக்குத் தொழில்திறன் உள்ளவர்கள் என்று ஆய்வு செய்யப் போகிறார். 50 கேள்விகள் கொண்ட வினாத்தாள் தயார். ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டு, நன்று, சுமார், போதாது என்று மூன்றாகப் பிரித்துவிட்டால் சரிதானே என்பது அவருடைய கேள்வி.

இல்லைம்மா, அது போதாது. நான் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் களத்தில் வேலை செய்த நர்ஸ். பணியின் கடைசி எட்டு வருடம் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். அந்த அனுபவத்தில் ஒன்று உறுதியாகச் சொல்வேன். ஒரு சிஸ்டருக்கு என்ன தெரியும் என்பதை வினாத்தாள் காட்டும். காலை 11 மணிக்கு, வரிசையில் இன்னும் 40 பேர் நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதைக் காட்டாது. நோயாளிக்குக் கிடைப்பது அந்த 11 மணி வேலைதான். அதைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

மருத்துவக் கல்வியில் மில்லர் என்பவர் 1990-ல் இதை நான்கு படிகளாகச் சொன்னார். தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று அறிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாடம் செய்வது. உங்கள் 50 கேள்விகளும் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. தில்லியில் நடந்த ஓர் ஆய்வில் மருத்துவர்களிடம் முதலில் நோயாளியின் கதையைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பிறகு அதே மருத்துவர்களின் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். சொன்னதைவிடச் செய்தது குறைவாகவே இருந்தது. எங்கள் பயிற்சி வகுப்பிலும் அப்படித்தான். பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், கால் தரையில் பட வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், பேசக் கூடாது என்று எல்லோரும் பிழையில்லாமல் எழுதினார்கள். மறுநாள் ஓ.பி.யில் போய் நின்றேன். நோயாளி நின்றுகொண்டே கையை நீட்டினார், சட்டைக் கையின் மேலேயே பட்டை ஏறியது.

அதற்காக வினாத்தாளைத் தூக்கி எறிய வேண்டாம். 50-ஐப் பத்தாகக் குறையுங்கள். இந்த நோய்க்குக் காரணமான கிருமி எது என்பது போன்ற கேள்விகளை எடுத்துவிட்டு, கதைகளை வையுங்கள். உதாரணமாக ஒன்று. எட்டு மாதக் கர்ப்பிணி. காலையிலிருந்து தலைவலி, கண் மங்கலாக இருக்கிறது என்கிறார். பி.பி. 150/100. மணி மாலை 5, டாக்டர் கிளம்பிவிட்டார். முதலில் என்ன செய்வீர்கள், யாருக்கு போன் செய்வீர்கள், எங்கே அனுப்புவீர்கள், சீட்டில் என்ன எழுதுவீர்கள்? நல்ல சிஸ்டர் பி.பி.யை மறுபடி பார்ப்பேன் என்பார், சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பேன் என்பார், டாக்டருக்கும் 108-க்கும் போன் போடுவேன், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு அனுப்புவேன் என்பார். இன்னும் நல்ல சிஸ்டர் உங்களையே திருப்பிக் கேட்பார்: அவங்க வீடு கேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் எவ்வளவு நேரம் போகும், மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எப்படிச் சுற்றிப் போவது என்று தெரிந்திருப்பதும் இந்த ஊரில் தொழில்திறன்தான். அதற்கும் மதிப்பெண் வையுங்கள்.

கேள்வியைத் தமிழில் கேளுங்கள், மருத்துவப் பெயரைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லிக் கேளுங்கள். இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. ஒரு முறை வெளியிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்தவர், 25 வருடம் ஊசி போட்ட ஒரு சிஸ்டரிடம் அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை) என்றால் என்ன என்று கேட்டார். அவர் முழித்தார். பூஜ்யம் விழுந்தது. நான் குறுக்கிட்டு, ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் குழந்தை துவண்டு, மூச்சு இழுத்து, உடம்பெல்லாம் தடித்துப் போனால் என்ன செய்வாய் அக்கா என்று கேட்டேன். படுக்க வைத்துக் காலை உயர்த்துவேன், தொடையில் அட்ரினலின் போடுவேன், வயதுக்கு இவ்வளவு அளவு, நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுவேன், வண்டி வரும்வரை பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னார். பூஜ்யம் பூஜ்யமாகவே ஏட்டில் இருந்தது. அந்த அக்காவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அடுத்தது, கையால் செய்து காட்டச் சொல்வது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஹார்டன் என்பவர் மருத்துவ மாணவர்களுக்காக ஒரு தேர்வு முறையைக் கொண்டுவந்தார். வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை, ஐந்து நிமிடம், கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலோடு ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். நர்சிங் கல்லூரிகளில் ஆஸ்கி என்று சொல்வது இதைத்தான். பெரிய செலவு இல்லை. நான் வைத்த மேசைகளில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ரத்தம். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து ஒரு பழைய புடவையிலும் இரண்டு நாப்கின்களிலும் ஊற்றி வைப்பேன். எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்று கேட்பேன். 700 மில்லி ஊற்றியதை 300, 350 என்பார்கள். அதிக ரத்தம் போகும்போது கண் எப்போதும் குறைத்துத்தான் மதிப்பிடும், உலகம் முழுக்க அப்படித்தான். நம் நிலையங்களில் பிரசவம் பெரும்பாலும் நடப்பதில்லையே, இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கலாம். பத்தாம் நாள் ஒரு சந்து வீட்டில் துணி நனைந்துகொண்டே இருக்கிறது என்று அந்தப் பெண் முதலில் சொல்வது வீட்டுக்கு வரும் இந்த நர்ஸிடம்தான். அவர் கொஞ்சம்தானே என்று நினைத்துவிட்டால் அங்கே முடிந்தது. ஒரு தடவை அளந்து ஊற்றிக் காட்டிய பிறகு எல்லோருடைய கண்ணும் திருந்துகிறது. இந்த மேசை அளக்கவும் செய்யும், கற்றுக்கொடுக்கவும் செய்யும். அதனால்தான் எனக்கு இது ரொம்பப் பிடித்த மேசை.

இரண்டு, மூச்சு. ஏழு மாதக் குழந்தை ஒன்று மூச்சு விடும் வீடியோவை போனில் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முழு நிமிடம் எண்ணுகிறாரா, 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறாரா என்று பாருங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதத்துக்குக் குறைவானால் 60. நிமோனியாவைக் கண்டுபிடிக்க ஸ்டெதஸ்கோப்கூட இல்லாத கள ஊழியரிடம் இருக்கும் முக்கியமான கருவி இந்த எண்ணிக்கை.

மூன்று, தட்டில் நான்கு தடுப்பூசிக் குப்பிகள். நேற்று திறந்த பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஊசி), ஐந்து மணி நேரம் முன் கரைத்த தட்டம்மை ரூபெல்லா, சூடு பட்டால் நிறம் மாறும் வெப்பக் குறியின் உள்சதுரம் கறுத்துப்போன ஒன்று, உறைந்துபோனதோ என்று சந்தேகப்படும் ஒன்று. எதை வைப்பீர்கள், எதைத் தள்ளுவீர்கள்? பென்டாவேலன்ட்டை முறையாகக் குளிரில் வைத்திருந்தால் திறந்து 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். கரைத்த தட்டம்மை ரூபெல்லாவை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடக் கூடாது. கறுத்த சதுரம் குப்பைக்கு. உறைந்ததோ என்று சந்தேகமானதை, வேண்டுமென்றே உறைய வைத்த அதே வகைக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைத்து, வண்டல் எது வேகமாகப் படிகிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

அப்புறம், நேரில் உட்கார்ந்து பார்ப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. யாராவது நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தால் நாம் எல்லோரும் ஒழுங்காகிவிடுவோம். டான்சானியாவின் அரூஷா பகுதியில் மருத்துவர்களை இப்படிப் பார்த்தபோது, பார்வையாளர் வந்ததும் தரம் சட்டென்று உயர்ந்தது. பத்துப் பதினைந்து நோயாளிகளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. அதனால் அரை மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்து வராதீர்கள். காலை முழுக்க உட்காருங்கள், முதல் ஒரு மணி நேரத்துக் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தேசியத் தர உறுதி மதிப்பீட்டுக்கு வருகிறவர்களும் நான்கு வழியில்தான் பார்க்கிறார்கள்: கண்ணால் பார்ப்பது, ஊழியரிடம் பேசுவது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். அது நிலையத்துக்குப் போடும் மதிப்பெண், ஆளுக்கு அல்ல. ஆனால் அந்த நான்கு வழியையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அது ரொம்பப் பேசும். பி.பி. பதிவேட்டில் தொடர்ச்சியாக 200 அளவுகளை எடுத்துக் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். டிஜிட்டல் கருவியானால் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் சுமார் 20 தடவை வர வேண்டும். இரண்டு இரண்டாகக் கோடு போட்ட பழைய கருவியானால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் சுமார் 40. பக்கம் பக்கமாக 120/80, 130/80, 140/90 என்றே இருந்தால், 200-ல் 0-வில் முடிபவை 150 தடவையைத் தாண்டினால், அங்கே பி.பி. அளக்கப்படவில்லை, குத்துமதிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அதேபோல் தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவு. தினமும் காலையும் மாலையும், விடுமுறை நாளிலும் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் யார் கையெழுத்தில், எந்த மையில் இருக்கின்றன என்று பாருங்கள்.

ஆனால் அதைப் பார்த்ததும் அந்த சிஸ்டருக்கு 'போதாது' என்று எழுதிவிடாதீர்கள். நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதைத்தான். முதலில் கணக்குப் போடுங்கள். காலை நான்கு மணி நேரம், 240 நிமிடம். பி.பி., சுகருக்கு மட்டும் 80 பேர். ஆளுக்கு 3 நிமிடம். ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பார் என்கிற விதியை ஒருவருக்குப் பின் ஒருவராகக் கடைப்பிடித்தால் 40 பேர்கூட முடியாது. இதற்கு நடுவில் கர்ப்பிணிகளுக்கு பிக்மி பதிவு, தடுப்பூசிக்கு யூ-வின் பதிவு, காசநோய்க்கு நிக்ஷய் பதிவு, போனில் மேலிடத்திலிருந்து அறிக்கை எப்போது வரும் என்ற கேள்வி. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம் 2013-ல் தொடங்கியபோது ஒரு நிலையத்துக்கு 50,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். நீங்கள் போகும் நான்கு நிலையங்களில் ஒவ்வொன்றும் உண்மையில் எத்தனை பேருக்கு, அனுமதிக்கப்பட்ட இடங்களில் எத்தனை காலி, வந்திருப்பவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தில் என்று முதல் அட்டவணையிலேயே போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் என்று அளந்து, எத்தனை ஆள் தேவை என்று கணக்கிடும் முறை ஒன்றை உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. அதன் எளிய வடிவத்தை நீங்களே செய்யலாம், ஒரு கடிகாரம் போதும்.

நான் பார்த்த ஒரு நிலையத்தில் இதற்கு வழி கண்டுபிடித்தவர் அங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மா. பி.பி. மேசைக்கு முன்னால் வரிசையாகப் பத்து நாற்காலிகளைப் போட்டு, வருகிறவர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு நாற்காலியாக நகரச் சொன்னார். மேசைக்கு வந்து சேர்வதற்குள் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். அதே சிஸ்டர், அதே கருவி. அடுத்த மாதப் பதிவேட்டில் 118, 127, 143 என்று உண்மையான எண்கள் வர ஆரம்பித்தன. அந்த சிஸ்டரின் திறமை முந்தைய மாதமும் அவரிடம்தான் இருந்தது, பத்து நாற்காலி இல்லை.

நோயாளியிடம் கேட்பது பற்றி. நிலையத்து வாசலில் நின்று, திருப்தியா என்று கேட்டால் நல்லா பாத்தாங்க என்றுதான் பதில் வரும். அடுத்த மாதமும் அவர் அங்கேதானே மாத்திரை வாங்க வர வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டு மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போய், சிஸ்டர் என்ன சொன்னாங்க என்று மட்டும் கேளுங்கள். தடுப்பூசி போட்டால் தாயிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும்: எந்த நோய்க்கு இந்த ஊசி, என்ன தொந்தரவு வரலாம் அதற்கு என்ன செய்வது என்பது இரண்டாவது, அடுத்தது எப்போது, அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது நான்காவது. நான்கில் எத்தனை அந்தத் தாய்க்கு நினைவிருக்கிறது? அதுதான் சிஸ்டரின் பேச்சுத்திறனுக்கு மதிப்பெண். தெலுங்கு பேசும் வீடு, உருது பேசும் வீடு, மணலிப் பக்கம் வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்கள் என்று எல்லாவற்றிலும் சில வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காசிமேட்டில் மீன் ஏலம் முடியும்வரை பெண்கள் ஊசிக்கு வர மாட்டார்கள் என்று தெரிந்து புதன்கிழமை அவர்களுக்காகக் காத்திருந்து ஊசி போடும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அந்த அறிவு எந்த வினாத்தாளிலும் இல்லை.

இந்த ஊருக்கென்று இரண்டு மேசைகள் சேர்க்கச் சொல்வேன். 2023 டிசம்பர் நினைவிருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளம், அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம், மாதக் கடைசியில் நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிவு. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஜனங்கள் தெருவில் ஓடினார்கள். அப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்? காற்று வரும் திசைக்குக் குறுக்கே விலக்கிக் கொண்டுபோவது, நனைந்த துணிகளைக் களைவது, கண்ணைச் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுவது, ஆக்ஸிஜன். இதைச் சொல்லச் சொல்லாதீர்கள். ஆக்ஸிஜன் உருளையைத் திறந்து மாஸ்க்கில் காற்று வரச் செய்யச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். உருளையின் சாவி எங்கே இருக்கிறது என்பதிலேயே பல நிலையங்களின் கதை தெரிந்துவிடும்.

இன்னொன்று காசநோய். 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுக்கச் சொல்கிறார்கள். உயரமும் எடையும் பார்த்து உடல் நிறைக் குறியீடு, காலில் வீக்கம், நிமிடத்துக்கு 24-க்கு மேல் மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. லேப் வேண்டாம், டாக்டர் வேண்டாம், பயிற்சி பெற்ற யாரும் செய்யலாம். ஒரு நடிப்பு நோயாளியை உட்கார வைத்து ஐந்தையும் செய்யச் சொல்லுங்கள். எந்த ஒன்றை விடுகிறார்கள் என்று குறியுங்கள். என் அனுபவத்தில் விடுபடுவது எழுந்து நிற்கச் சொல்வதுதான்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. கல்லூரியின் நெறிமுறைக் குழு, மாநகராட்சியின் மாநகர நல அலுவலர், இரண்டு அனுமதியும் எழுத்தில் வேண்டும். பெயர் எழுதாவிட்டால் யார் என்று தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நிலையத்தில் ஃபார்மசிஸ்ட் பெரும்பாலும் ஒருவர், லேப் டெக்னீஷியன் ஒருவர். நிலையம் வாரியாக, பதவி வாரியாக மதிப்பெண் அச்சிட்டால் அது அவர் பெயரை அச்சிட்டது போலத்தான். நான்கு நிலையங்களையும் சேர்த்தே அட்டவணை போடுங்கள். அவர் ஒப்பந்த ஊழியராக இருந்தால், உங்கள் ஒரு வரி அவருடைய அடுத்த வருட வேலையைத் தொடும்.

முடிவு முதலில் போக வேண்டியது அந்த ஊழியரிடமே. கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, எதை நன்றாகச் செய்தார் என்பதில் தொடங்கிச் சொல்லுங்கள். தண்டனைக்கு என்று தெரிந்தால் அடுத்த முறை பதிவேடு அழகாகிவிடும், வேலை மாறாது. குறை தெரிந்த இடத்துக்கெல்லாம் ஒரு நாள் பயிற்சி என்று பரிந்துரை எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சியோடு தொடர்ந்த மேற்பார்வையும் சேர்ந்தாலோ, ஊழியர்களே கூடி உட்கார்ந்து பிரச்சினையை அலசினாலோதான் பலன் கூடுகிறது என்று தெரிந்திருக்கிறது. பத்து நாற்காலி போட்ட அம்மாவையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

மூன்று மாதம் கழித்து அதே மேசைகளோடு திரும்பிப் போங்கள். புடவையில் ஊற்றும் தண்ணீரின் அளவை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கொருக்குப்பேட்டையில் ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அளந்து ஊற்ற நான் வருகிறேன்.